பளபளப்பு சாட்சி ஆகாது



பழைய பொருள் ஒன்றை விலைக்கு வாங்கப் போகும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பித்தளைக் குடம் என்றால் விரலால் சுண்டி ஓசையைக் கேட்பார்கள். மரக் கட்டில் என்றால் காலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். சைக்கிள் என்றால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டம் இருக்கிறதா என்று நோக்குவார்கள். இவை யாவும் நல்ல அறிவியல் சோதனைகள். ஆனால் பொருளின் விலையும் பளபளப்பும் ஏற ஏற, சோதித்துப் பார்க்கும் இந்தப் புத்தி நம்மிடம் குறைந்துகொண்டே போகிறது. குடத்தைச் சுண்டிப் பார்த்தவரே மோட்டார் வண்டியின் முன் நின்றதும் வண்ணத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்.

இந்த மயக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்ட, மயக்கத்துக்கென்றே பிறந்த பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஓட்டி, பிறகு விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்தான் அது. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989-இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய எம்எக்ஸ்-5 என்னும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டே பேர் உட்காரலாம். நான்கு மீட்டருக்கும் குறைந்த நீளம். முதல் வடிவத்தின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 2016-இல் இதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் இவ்வகை வண்டிகள் பல கை மாறி ஓடுகின்றன. வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கப்படுபவை ஆதலால், அவற்றுள் சில சுவரிலோ மரத்திலோ மோதியிருக்கும். பின்னர் நிமிர்த்தப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, விற்பனைக் கூடத்தில் மணப்பெண்போல் நிற்கும்.

மோதிய வண்டியைப் பழுது பார்ப்பது குற்றமன்று. அது ஒரு கைத்திறன். பழுது பார்த்ததை மறைப்பதுதான் குற்றம். மறைத்ததைக் கண்டுபிடிக்க நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இயற்பியலே பெரும்பாலும் போதும். அதைத் தேர்வுத் தாளோடு நிறுத்திவிடாமல் தெருவுக்கும் கொண்டு வரவேண்டும் என்பதே என் கருத்து.

மோதலின் கணக்கு

முதலில், ஒரு மோதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகிறது. அதாவது நொடிக்கு 15 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வருவது. கணக்கிட்டால் 1,12,500 ஜூல். இதே ஆற்றலை அந்த வண்டிக்கு வேறு வழியில் கொடுக்க வேண்டுமானால் சுமார் 11½ மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். ஏறக்குறைய நான்கு மாடி உயரம்! நகரத்துச் சாலையில் சாதாரணம் என்று நாம் நினைக்கும் வேகம் இது. வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும்.

சுவரில் மோதி வண்டி நிற்கும்போது இந்த ஆற்றல் எங்கே போகும்? உலோகத்தை வளைப்பதிலும் மடிப்பதிலும் கிழிப்பதிலும் செலவாகும். இதைத்தான் பொறியியல் வல்லுநர்கள் நமக்குச் சாதகமாக மாற்றினார்கள். மெர்சிடஸ்-பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பேலா பாரென்யி என்பவர், பயணிகள் அமரும் கூடு விறைப்பாகவும் அதன் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கிக்கொடுப்பனவாகவும் இருக்க வேண்டும் என்று கண்டார். 1959-இல் அந்நிறுவனத்தின் கார் ஒன்றில் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இன்று எல்லாக் கார்களிலும் இது உண்டு. மோதும்போது முன்புறத்துச் சட்டங்கள் ஆர்மோனியத் துருத்தியைப்போல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும்.

சுருங்கும் தொலைவு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். நம் வண்டி அரை மீட்டர் நசுங்கி நின்றால், அதன் சராசரி எதிர்முடுக்கம் நொடிக்கு நொடி 225 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 23 மடங்கு. கால் மீட்டரே நசுங்கினால் அது 46 மடங்கு. வண்டியோடு சேர்ந்து நிற்கும் 60 கிலோகிராம் மனிதருக்கு முதல் நிலையில் 13,500 நியூட்டன் விசை; இரண்டாவதில் 27,000 நியூட்டன். நசுங்குவதற்கு இருந்த கால் மீட்டர்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையில் நின்றது.

ஒருமுறை மடிந்த சட்டத்தைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தி, மேலே ஒரு தகட்டை வைத்து வெல்டிங் செய்துவிட்டால், அடுத்த மோதலில் அது துருத்தியைப்போல் மடியுமா? ஓட்டுபவருக்கு அந்தக் கேள்வியே தெரியாது. அவர் பார்ப்பது புதிய வண்ணத்தை மட்டும்தான்.

உலோகம் மறப்பதில்லை

இரும்புக்கு நினைவு உண்டு என்றால் சிரிப்பீர்கள். ஒரு காகிதக் கிளிப்பை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். சிறிது வளைத்து விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். அது மீட்சி எல்லைக்குள் நடந்த மாற்றம். அதற்கு மேல் வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். இப்போது அதை விரல்களால் நேராக்க முயலுங்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் முழுதும் நேராகாது. வளைந்த இடம் அப்படியே நிற்க, அதன் இரு புறமும் புதிதாக இரண்டு சிறு வளைவுகள் தோன்றும்.

காரணம் எளிது. வளையும்போது எஃகின் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. அடுக்குகளில் உள்ள குறைகள் பெருகி ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. ஆகவே வளைந்த இடம் முன்னைவிடக் கடினமாகிவிடுகிறது. நீங்கள் கொடுக்கும் விசைக்கு அது வளைந்து கொடுக்காமல் பக்கத்து இடம் வளைகிறது. இன்னும் சில தடவை முன்னும் பின்னும் வளைத்தால் அந்த இடம் சூடேறும்; பிறகு ஒடியும். கிளிப்புக்கு உள்ள இந்த இயல்பு காரின் சட்டத்துக்கும் உண்டு.

புதிய கார்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பயணிகளைக் காக்கும் தூண்களுக்குப் போரான் கலந்த எஃகைப் பயன்படுத்துகிறார்கள். அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அச்சில் அழுத்தியபடியே விரைந்து குளிர வைக்கிறார்கள். அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து உரமேற்றும் கொல்லரின் முறைதான் இது. சாதாரண மென் எஃகுத் தகட்டின் இழுவலிமை ஏறத்தாழ 300 மெகாபாஸ்கல் என்றால், இதன் வலிமை 1,500 மெகாபாஸ்கல் அளவுக்கு இருக்கும். பட்டறையில் இதை வாயுச் சுடரால் காய்ச்சி நிமிர்த்தினால் ஏற்றிய உரம் இறங்கிவிடும். தூண் பார்வைக்கு நேராக நிற்கும். உள்ளே வலிமை போயிருக்கும்.

ஒளி சொல்லும் சாட்சி

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? செலவில்லாத கருவியிலிருந்து தொடங்குவோம். ஒரு குழல் விளக்கு போதும்.

வண்டியின் பக்கத்தில் குனிந்து, குழல் விளக்கின் பிம்பம் கதவின்மேல் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். தொழிற்சாலையில் அச்சில் அழுத்தி எடுத்த தகட்டில் பிம்பத்தின் விளிம்பு ஒழுங்காக ஓடும். பட்டி பூசித் தேய்த்த தகட்டில் அது பாம்பைப்போல் நெளியும். ஏன் தெரியுமா? ஆடியை ஒரு கோணம் திருப்பினால் எதிரொளிக்கும் கதிர் இரு மடங்கு கோணம் திரும்பும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? தகட்டில் ஓரிடம் அரை டிகிரி சாய்ந்திருந்தால் கதிர் ஒரு டிகிரி விலகும். மூன்று மீட்டர் தொலைவில் இது ஐந்து சென்டிமீட்டர் விலகல். அரை டிகிரிச் சாய்வு என்பதோ பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மேடு. விரலுக்குத் தட்டுப்படாத மேட்டை ஒளி நமக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

வண்ணத்தையும் ஒளியே காட்டிக்கொடுக்கும். குழல் விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்புகள் சூரிய ஒளியில் வேறாகத் தெரியலாம். இரண்டு விளக்குகளின் நிறமாலைகளும் வேறு என்பதே காரணம். மினுமினுக்கும் உலோக வண்ணத்தில் மெல்லிய அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். தெளிக்கும் முறைக்கு ஏற்ப அவை வெவ்வேறு வாட்டத்தில் படியும். நேரே பார்க்கும்போது கதவும் பக்கத்துத் தகடும் ஒன்றுபோல் இருந்து, சாய்வாகப் பார்க்கும்போது ஒன்று கறுத்துத் தெரிந்தால், இரண்டும் ஒரே நாளில் வண்ணம் பெறவில்லை என்று பொருள். ஆகவே பழைய காரைப் பகல் வெளிச்சத்தில் பல கோணங்களில் பார்ப்பதே முறை.

காந்தமும் காகிதமும்

அடுத்தது காந்தம். வீட்டில் இரும்பு பீரோ இருந்தால் ஒரு சிறு காந்தத்தை அதில் ஒட்டவையுங்கள். இடையில் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றை வையுங்கள். பிறகு ஐந்து, பத்து, இருபது என்று கூட்டிக்கொண்டே போங்கள். இடைவெளி கூடக் கூடக் கவர்ச்சி விரைவாகக் குறைந்து, ஒரு நிலையில் காந்தம் வழுக்கி விழும். ஒரு தாளின் கனம் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். தொழிற்சாலையில் காருக்குப் பூசும் வண்ண அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒன்றரைத் தாள்! மறுபடி வண்ணம் பூசிய இடத்தில் அது இரண்டு, மூன்று தாள் கனம் ஆகிறது. பள்ளத்தை அடைக்க இரண்டு மில்லிமீட்டர் பட்டி வைத்திருந்தால் இருபது தாள் கனம். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்தினால், பட்டி உள்ள இடத்தில் அதன் பிடி தளர்வதைக் கை உணரும். அதே இடத்தை விரல் கணுவால் தட்டினால், கணீரென்ற ஓசை இல்லாமல் மந்தமான ஓசை வரும். பித்தளைக் குடத்தைச் சுண்டிய பாட்டியின் சோதனைதான் இது!

இதையே அளந்து எண்ணாகச் சொல்லும் கைக்கருவிகளும் உண்டு. எஃகின்மேல் அவை காந்தத் தூண்டலால் கனத்தை அளக்கும். அலுமினியத்தின்மேல் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அளக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் எம்எக்ஸ்-5 வண்டியின் பானெட் அலுமினியத்தால் ஆனது. 1953 முதல் வந்த செவ்ரோலே கார்வெட் வண்டிகளின் மேற்கூடு கண்ணாடி இழை. இவற்றில் காந்தம் ஒட்டாது. “காந்தம் ஒட்டவில்லை, ஆகவே பட்டி” என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். கருவி சொல்வதைப் புரிந்துகொள்ளப் பொருளையும் அறிந்திருக்க வேண்டும். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் அடிச்சட்டம் அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. எடை 68 கிலோகிராம்தான். அதில் ஒட்டு விட்டுப்போனால் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கார்பன் இழைக் கூடுகளில் மேற்பரப்பு முழுதாக இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். அவற்றைக் காண மீயொலி அலைகள் தேவைப்படும்.

கொத்தனாரின் மூலைவிட்டம்

வண்ணத்தின் கனம் தோலைப் பற்றியது. எலும்பு நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் கொத்தனாரைக் கேளுங்கள். நான்கு பக்கங்களையும் அளந்த பிறகு, மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்ப்பார். அந்தக் கயிற்றில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்று கணக்கிடுவோம்.

காரின் முன்பகுதியில் இரண்டு சட்டங்கள் 800 மி.மீ. இடைவெளியில், ஒவ்வொன்றும் 1,000 மி.மீ. நீளத்தில் நீண்டிருப்பதாகக் கொள்வோம். பக்கவாட்டு மோதலில் இரண்டின் நுனிகளும் 10 மி.மீ. ஒரு புறமாக நகர்ந்துவிட்டன. இப்போது சட்டத்தின் நீளத்தை அளந்தால் எவ்வளவு மாறியிருக்கும்? பிதாகரஸ் தேற்றப்படி 0.05 மி.மீ. மட்டுமே. எந்த நாடாவும் அதைக் காட்டாது. ஆனால் மூலைவிட்டங்களை அளந்தால் ஒன்று 1,287 மி.மீ. ஆகவும் மற்றது 1,274 மி.மீ. ஆகவும் இருக்கும். வேறுபாடு 12 மி.மீட்டருக்கும் மேல்! பக்கத்தை அளந்தவருக்கு ஒளிந்துகொண்ட கோணல், மூலைவிட்டத்தை அளந்தவரிடம் அகப்பட்டுக்கொள்கிறது. எதை அளப்பது என்று தேர்ந்தெடுப்பதே அளவியலின் உயிர் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கோணல் வேறு இடங்களிலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். இடப்பக்கத்து முன் பின் சக்கரங்களின் இடைத்தூரமும் வலப்பக்கத்து இடைத்தூரமும் வேறுபடும். டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேயும். பானெட்டின் ஓர இடைவெளி ஒரு புறம் மூன்று மில்லிமீட்டரும் மறுபுறம் ஆறு மில்லிமீட்டருமாக இருக்கும். திருகாணியின் தலையில் வண்ணம் உரிந்திருந்தால், யாரோ சாவி வைத்துத் திருகியிருக்கிறார்கள். ஒழுங்கான இடைவெளியில் இருக்க வேண்டிய ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரு புறம் மட்டும் தாறுமாறாக இருந்தால், அந்தப் புறம் தொழிற்சாலைக்குப் பிறகு ஒட்டப்பட்டது. பிரிட்டனில் ‘கட் அண்ட் ஷட்’ என்று ஒரு மோசடிக்குப் பெயர். ஒரு வண்டியின் முன்பாதியையும் மற்றொன்றின் பின்பாதியையும் வெட்டி ஒட்டி ஒரே வண்டியாக விற்பார்கள்!

ஒன்றைக் கவனியுங்கள். இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக ஒரு தீர்ப்பைத் தருவதில்லை. கதவில் கீறல் விழுந்ததால் மறுபடி வண்ணம் பூசியிருக்கலாம். வேறு காரணத்தால் டயர் தேய்ந்திருக்கலாம். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சாட்சிகள் ஒரே மூலையைச் சுட்டிக்காட்டும்போது ஐயம் உறுதியாகிறது. ஆராய்ச்சிக் கூடத்திலும் நாங்கள் இப்படித்தான் முடிவுக்கு வருகிறோம்.

ஓம் விதி செய்யும் வஞ்சகம்

அறிவியலே மறைப்பதற்கும் துணை போகும் என்பதற்கு ஒரு சான்று. மோதலின்போது கண் இமைப்பதற்குள் விரிந்து தலையைத் தாங்கும் காற்றுப் பையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருமுறை விரிந்தால் பையையும் அதை விரிக்கும் குப்பியையும் மாற்றியாக வேண்டும். செலவு அதிகம். வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு தடவையும் கணினி அந்தச் சுற்றின் மின்தடையைச் சோதித்து, பழுது இருந்தால் எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கும். வஞ்சகர்கள் என்ன செய்கிறார்கள்? பைக்குப் பதிலாகச் சில ஓம் மதிப்புள்ள மின்தடை ஒன்றைச் சுற்றில் இணைத்துவிடுகிறார்கள். கணினி ஏமாந்து ‘எல்லாம் சரி’ என்று விளக்கை அணைத்துவிடுகிறது. ஒரு காசு பெறாத மின்தடை, ஓர் உயிர்க்காப்புக் கருவியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது! சிலர் மலிவான போலிக் குப்பிகளை மாட்டுகிறார்கள். விபத்துக்குப் பின் பழுது பார்த்த கார்களில் இத்தகைய குப்பிகள் வெடித்துச் சிதறி உயிர்கள் போனதை அடுத்து, அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2024-இல் பொதுமக்களை எச்சரித்தது.

மின்தடையை இணைத்தவருக்கு ஓம் விதி நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பாடத்தில் அவருக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கலாம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

ஏன் எல்லோருக்கும் கேடு?

“ஏமாறுவது வாங்குபவர்தானே, ஊருக்கு என்ன?” என்று சிலர் கேட்கலாம். பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுரையில் இதற்கு விடை சொன்னார். பழைய கார்ச் சந்தையையே அவர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பேச்சு வழக்கில் குறையுள்ள காருக்கு ‘லெமன்’, அதாவது எலுமிச்சை, என்று பெயர். அவருடைய வாதத்தை நம் எண்களில் சொல்லிப் பார்ப்போம்.

சந்தையில் நல்ல கார்கள் பாதி. அவை ஒவ்வொன்றும் 10 லட்சம் பெறும். மறைத்த பழுதுள்ளவை பாதி. அவை 4 லட்சமே பெறும். எது எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே அவர் நடுத்தரமாக 7 லட்சம் கொடுக்க முன்வருவார். நல்ல காரை வைத்திருப்பவர், “எனக்கு 3 லட்சம் நட்டம்” என்று சொல்லி வண்டியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். மறைத்தவரோ மகிழ்ச்சியோடு விற்பார். இறுதியில் சந்தையில் எலுமிச்சைகளே எஞ்சும். மறைப்பவர் வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை; நேர்மையாக விற்க வந்தவரையும் சந்தையை விட்டுத் துரத்துகிறார். இத்தகைய ஆய்வுகளுக்காக அக்கர்லாஃபுக்கு 2001-இல் மற்ற இருவருடன் சேர்த்துப் பொருளியலுக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இதற்கு மருந்து, உண்மை வண்டியோடு சேர்ந்து பயணம் செய்வதுதான். பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டி, மீண்டும் சாலைக்கு வரத்தக்கதானால், சட்டகம் பழுதுபட்டதா இல்லையா என்பதைக் குறிக்க 2017 அக்டோபர் முதல் ‘எஸ்’, ‘என்’ என்னும் எழுத்துகளால் பதிவு செய்யப்படுகிறது. அமெரிக்காவில் பெரும் சேதமடைந்த வண்டியின் உரிமைச் சான்றிலேயே அது குறிக்கப்படும். ஒரு மாநிலத்துக் குறிப்பை வேறு மாநிலத்தில் பதிவு செய்து அழித்துவிடும் தந்திரத்தைத் தடுக்க, 1992-இல் இயற்றிய சட்டத்தின் வழியே நாடு முழுவதற்குமான பதிவு முறைக்கு வழி செய்தார்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானிய ஏலக் கூடங்களின் முறை. அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள் உண்டு. அதில் காரின் படம் வரைந்து, கீறல் உள்ள இடத்தில் ‘ஏ’, குழி விழுந்த இடத்தில் ‘யு’, பழுது பார்த்து அலைபோல் நெளியும் இடத்தில் ‘டபிள்யு’, மாற்றிய தகட்டில் ‘எக்ஸ் எக்ஸ்’ என்று பரிசோதகர் குறிப்பார். திருகாணியைக் கழற்றி மாற்றக்கூடிய தகடு பழுதானால் அது பெரிய குறையாகாது. எலும்புக்கூடு போன்ற சட்டமும் தூண்களும் பழுதாகியிருந்தால்தான் ‘பழுது வரலாறு உண்டு’ என்று வண்டிக்குத் தனித் தரம் கொடுப்பார்கள். தோலுக்கும் எலும்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த முறை இது. ஜப்பானில் ஓடிய கார்களைப் பல ஆண்டுகளாக வாங்கிப் பழகிய இலங்கை மக்கள் இந்த ஏலத் தாளை நன்கு அறிவார்கள்.

ஆனால் எந்தப் பதிவும் முழுமையானதன்று. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் உரிமையாளர் தம் பணத்திலேயே பழுது பார்த்துக்கொண்டால், மோதிய செய்தி எந்தப் பதிவிலும் ஏறாமல் போகலாம். தாளைப் படித்துவிட்டு மூலைவிட்டத்தை அளக்காமல் விட்டுவிடக் கூடாது. பதிவும் அளவும் ஒன்றுக்கொன்று காவல்.

இரண்டு மறுப்புகள்

“அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பார்த்தால் போதாதா?” என்பது முதல் மறுப்பு. போதும், நல்ல மெக்கானிக்கின் கையும் காதும் மிகச் சிறந்த கருவிகள். டிங்கரிங் வேலை செய்பவர்களின் திறமையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் “எனக்குத் தோன்றுகிறது” என்பதைவிட “இங்கே 140 மைக்ரான், அங்கே 900 மைக்ரான்” என்பது வலிமையான சொல். முன்னதை மறுத்துப் பேசலாம். பின்னதை யாரும் திரும்ப அளந்து பார்க்கலாம். விற்பவரும் வாங்குபவரும் நம்பக்கூடிய பொது மொழி எண்தான்.

“ஸ்போர்ட்ஸ் கார் பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள், எங்களுக்கு எதற்கு?” என்பது இரண்டாவது. நியாயமான கேள்விதான். நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் தவறுக்கு இடம் மிகக் குறைவு. சக்கரத்தின் கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் வேகத்தில் வண்டியின் போக்கு மாறிவிடும். குறையை மறைப்பதன் விளைவு அதில் விரைவாகத் தெரிகிறது. ஆனால் விதிகள் எல்லாவற்றுக்கும் பொது. உங்கள் அண்ணன் வாங்கப்போகும் பழைய மோட்டார் சைக்கிளின் முன் கவையும், அப்பா பார்த்துவிட்டு வந்த பழைய வேனின் சட்டமும், நீங்கள் பள்ளிக்கு ஓட்டும் சைக்கிளின் ஃபிரேமும் ஹூக்கின் விதிக்குக் கட்டுப்பட்டவைதாம். விலை குறைந்த வண்டியில் போகும் உயிரின் விலை குறைவா?

நீங்கள் செய்யக்கூடியது

இந்த வாரமே மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். பீரோவும் காந்தமும் தாள்களும் கொண்டு, எத்தனையாவது தாளில் காந்தம் விழுகிறது என்று அட்டவணை போடுங்கள். வகுப்பறை மேசையின் நான்கு பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, அது உண்மையில் செவ்வகமா என்று தீர்மானியுங்கள். தெருவில் நிற்கும் வண்டியின் தகட்டில் மின்கம்பியின் பிம்பம் எங்கே நெளிகிறது என்று, வண்டியைத் தொடாமல், பாருங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. உங்கள் ஆசிரியர்களிடம், மீட்சி எல்லைப் பாடத்தைப் பட்டறை ஒன்றுக்கு அழைத்துச் சென்று நடத்தும்படி கேளுங்கள். நசுங்கிய சட்டம் ஒன்றை நேரில் பார்த்தவர் அந்தப் பாடத்தை எளிதில் மறக்கமாட்டார்.

கடைசியாக ஒன்று. வாங்கும்போது அளந்து பார்ப்பது அறிவு. ஆனால் உங்கள் வாழ்நாளில் நீங்கள் விற்பவராகவும் இருப்பீர்கள். அப்போது பட்டி எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். எதிரில் நிற்பவரிடம் காந்தமும் இருக்காது, கருவியும் இருக்காது. “இந்த மூலையில் ஒருமுறை மோதியது, இன்னது மாற்றினேன், இன்ன செலவு ஆயிற்று” என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். விலை சிறிது குறையும். ஆனால் அந்த வண்டியில் நாளை ஏறி உட்காரப் போகும் முகம் தெரியாத ஒருவர், எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்து உட்காருவார்.